வெள்ளை ஈயும் ஐந்து பெயர்களும்

பிள்ளைகளா, பெயர் போடுவதுதான் உங்கள் அப்பாவின் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் கடை வாசலில் ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட், பிளக்ஸ் பேனர் என்று எத்தனை எழுதி வைத்திருந்தாலும் நமக்குச் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகைதான். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் யார் என்பது இரண்டு வரி. மீதி முழுக்க மற்றவர்கள் பெயர். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், போலீசில் இருப்பவர். இறந்துபோனவர்கள்கூட அடைப்புக்குறிக்குள் நின்றுகொண்டு வரவேற்பார்கள். அழைக்கிற வீட்டுக்காரர் பெயர் கடைசியில், கீழே, அடக்கமாக வரும்.

நான் படித்தது பத்தாவது. அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர். ஆனால் யார் பெயருக்கு மேல் யார் பெயர் வரவேண்டும் என்கிற படிப்பில் எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். அந்தப் படிப்பைச் சும்மா படிக்கவில்லை. கடை ஆரம்பித்த புதிதில் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுப் பத்திரிகையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த தம்பியின் பெயரை, விவசாயம் பார்க்கிற அண்ணன் பெயருக்கு மேலே போட்டுவிட்டேன். பதவியைப் பார்த்தேன், வயதைப் பார்க்கவில்லை. அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததோடு விடாமல், முகூர்த்த நேரத்தில் வேட்டி சட்டையோடு நம் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணத்துலதான் எனக்கு எடமில்ல. இங்கயாவது செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றார்.

செத்த நேரம் என்றவர் சாயங்காலம்தான் எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டி, "தம்பி நல்லாப் பேரு போடுவான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பெயர் விஷயத்தில் நான் தப்பே செய்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதை எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் நாளைக்குக் கல்லூரி, ஆராய்ச்சி என்று போவீர்கள். அங்கே பெரிய பெரிய படிப்பாளிகள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

நீங்கள் 'ஈ டீச்சர்' என்று கூப்பிடுவீர்களே, அவர் முதலில் கடைக்கு வந்தது தன் தங்கை கல்யாணப் பத்திரிகைக்காக. அவருடைய அப்பாவுக்குத் தேவதானத்தில் தென்னந்தோப்பு. டீச்சர் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே பகுதி நேரமாக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். தங்கை கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், ஆனி மாதத்தில், ஒரு பென் டிரைவோடு மறுபடி வந்தார்.

"அண்ணாச்சி, இது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. இத ஜர்னல்காரங்க கேக்குற மாதிரி மாத்திக் குடுக்கணும். எனக்கு நாள் இல்ல."

"ஜர்னல்னா என்னம்மா?"

"ஆராய்ச்சி பண்றவங்க படிக்கிற புத்தகம்."

"எம்புட்டுப் பேரு படிப்பாக?"

டீச்சர் உண்மையாகவே யோசித்தார். "திருத்துறதுக்கு ரெண்டு பேரு படிப்பாங்க அண்ணாச்சி. பொறவு நான்."

விஷயம் இதுதான். வருகிற டிசம்பரோடு அவருடைய ஆராய்ச்சிப் பதிவு முடிகிறது. ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடையாது. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஜர்னலில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இத்தனை வருடமாகத் தோப்பில் நின்று எண்ணிய ஈயெல்லாம் வெறும் ஈயாகப் போய்விடும்.

ஆமாம், ஈதான். தென்னை ஓலையின் அடியில் வெள்ளையாக மாவு தெளித்த மாதிரி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற ஈ. அதைப் பிடிக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுவார்கள். அந்த அட்டையை எந்த உயரத்தில் கட்டினால் ஈ அதிகமாக ஒட்டும் என்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சி. அவர் அப்பாதான் ஏணி பிடிப்பார், சில சமயம் அவரே ஏறுவார். கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது எனக்கே புரிந்தது. விவசாயிக்கு உபயோகமான, நேர்மையான வேலை.

ஆனால் ஜர்னல்காரர்கள் அந்த இடத்துக்கே வரவில்லை. கட்டுரை பன்னிரண்டு பக்கம். அதை எப்படி அமைக்க வேண்டும் என்று அவர்கள் கொடுத்த விதிமுறை இருபத்து மூன்று பக்கம். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அதில் எங்கேயும் கேட்கவில்லை. எந்த அளவு எழுத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதில் மட்டும் கறாராக இருந்தார்கள். அட்டவணையில் படுக்கைக் கோடு இருக்கலாம், நெட்டுக்கோடு கூடாது. ஏன் கூடாது என்று டீச்சரைக் கேட்டேன். "தெரியல அண்ணாச்சி, ஆனா போட்டா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். நெட்டுக்கோடு போட்டதற்காகக் கல்யாணம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் பயபக்தியோடு எல்லா நெட்டுக்கோட்டையும் அழித்தேன்.

அடுத்து மேற்கோள் பட்டியல். டீச்சர் படித்த மற்றவர்களின் கட்டுரைகளுக்கெல்லாம் கடைசியில் ஒரு பட்டியல் உண்டு. முதல் ஜர்னல் ஆள் பெயருக்குப் பின்னால் வருடத்தை அடைப்புக்குறிக்குள் கேட்டது. போட்டுக் கொடுத்தோம். இரண்டே நாளில், இது எங்களுக்குப் பொருத்தமில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது ஜர்னல் வருடத்தைக் கடைசியில், அடைப்புக்குறி இல்லாமல் கேட்டது. நான் உட்கார்ந்து எல்லா வருடத்தையும் பின்னால் கொண்டுபோனேன். அவர்களும் திருப்பினார்கள். மூன்றாவது ஜர்னல் பெயரே வேண்டாம், நம்பர் போடு என்றது. மூன்று தடவையும் அந்த ஈயைப் பற்றி ஒரு வரி மாறவில்லை.

பிறகு காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. கம்ப்யூட்டர் கட்டுரையைப் படித்துவிட்டு, 'தென்னை தமிழ்நாட்டின் ஒரு முக்கியமான பயிர்' என்கிற வரியைச் சிவப்பாக்கிவிட்டது. இதே வரியை ஏற்கெனவே பல பேர் எழுதியிருக்கிறார்களாம்.

"உண்மைய ஒருத்தர் சொன்னா பொறவு வேற யாரும் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"வேற மாதிரி சொல்லணும் அண்ணாச்சி."

"அப்ப, தென்னை தமிழ்நாட்டில் முக்கியமில்லாத பயிர் அல்லன்னு போடுவமா?"

டீச்சர் சிரித்தார். ஆனால் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதைத்தான் போட்டோம். சிவப்பு பச்சையாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ராஜபாளையத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. டீச்சரின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். கட்டுரையில் சேர்க்க வேண்டிய பெயர்கள் என்று அவர் நான்கு பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார். அவர் பெயர், துறைத்தலைவர் பெயர், கல்லூரி முதல்வர் பெயர், நான்காவதாக வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கிற அவருடைய மனைவி பெயர். அந்த அம்மாவுக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டதாம். சீட்டில் வரிசை எதுவும் இல்லை. மூலைக்கு ஒன்றாகக் கிறுக்கியிருந்தது.

இந்த நான்கு பேரில் யாராவது தோப்புக்கு வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையில் பெயர் போடுகிற மாமா பந்தல்கால் நட்டாரா என்று யாராவது கேட்கிறோமா? பெயர் என்பது மரியாதை. அது எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

ஆனால் ஜர்னல் கேட்டது. யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று ஒரு படிவம். டீச்சருக்குத் தேர்வு மேற்பார்வை வேலை வந்துவிட்டதால், "அண்ணாச்சி, நீங்களே போன்ல கேட்டுப் போட்டு, அப்படியே ஏத்தி விட்டுருங்க" என்று பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

முதல்வர், "நான் பொதுவா எல்லாத்துக்கும் ஆதரவா இருப்பேன்" என்றார்.

துறைத்தலைவர், "மைக்ராஸ்கோப் எங்க டிபார்ட்மென்ட்டுது" என்றார்.

வழிகாட்டி, "தலைப்புல 'வெள்ளை'ங்கிறதச் சேக்கச் சொன்னதே நாந்தான்" என்றார்.

அவர் மனைவி, "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. அவர் என்ன சொல்றாரோ எழுதிக்கோங்க" என்றார்.

எதை எழுதுவது என்று நான் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஜர்னலே ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. மேற்பார்வை, வளம் வழங்கல், கருத்துருவாக்கம், மீளாய்வு. சும்மா இருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு பெரிய சொல் அங்கே தயாராக இருந்தது. டீச்சரின் அப்பா ஏணி பிடித்ததற்கு மட்டும் அந்தப் பட்டியலில் சொல் இல்லை.

இனிதான் நான் செய்தது. டீச்சர் கொடுத்த பிரதியில் அவர் பெயர் முதலில் இருந்தது. மற்ற நான்கையும் அதற்குக் கீழே சேர்க்கப் போனேன். கை நின்றுவிட்டது. கல்லூரி முதல்வர் பெயருக்கு மேலே, நேற்று வந்த ஒரு தற்காலிக டீச்சர் பெயரா? அந்தப் பிள்ளைக்கு அனுபவம் இல்லை, தெரியாமல் போட்டிருக்கிறது, நாளைக்கு முதல்வர் பார்த்தால் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தேன். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். முதலில் முதல்வர். பிறகு துறைத்தலைவர். பிறகு வழிகாட்டி, அவர் மனைவி. அழைக்கிற வீட்டுக்காரர் மாதிரி, டீச்சர் கடைசியில். தொடர்புக்கு யார் என்று கேட்ட கட்டத்திலும் பெரியவர் நம்பரும் மெயிலும்தானே போட வேண்டும்? முதல்வருடையதைப் போட்டேன். பட்டனை அமுக்கிவிட்டு, ஒரு பெண்ணைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு, கட்டுரையில் முதலில் நிற்கிற பெயருக்குத்தான் அந்தக் கட்டுரை. கடைசியில் நிற்கிறவருக்கு அது ஆய்வேடு கொடுக்க உதவாது. ஆராய்ச்சி செய்கிற எல்லோருக்கும் தெரிந்த இதை எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. கட்டுரையை அனுப்பியபின் வழிகாட்டிக்கு ஒரு பிரதி போனது. அவர் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். துறைத்தலைவர் தன் பெயரைப் பார்த்தார். நான்கு பேரும் அவரவர் பெயரைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். டீச்சர் தனக்கு வந்த பிரதியைத் திறக்கவே இல்லை. தான் எழுதியதுதானே என்று இருந்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் பிளக்ஸ் ஆர்டரோடு வந்தார். எட்டுக்குப் பத்து அடி. முதல்வரின் புகைப்படம், பக்கத்தில் வெள்ளை ஈயின் படம், மேலே 'சர்வதேச ஆய்விதழில் இடம்பிடித்த முதன்மை ஆய்வாளர்' என்று வாசகம். கட்டுரையை ஜர்னல் ஏற்றுக்கொண்டதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேனரை மெஷினில் ஓடவிட்டு, உடனே டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், நம்ம கட்டுரை தேறிட்டு! முதல்வருக்குப் பேனரே அடிக்கச் சொல்லிட்டாக."

"முதல்வருக்கு எதுக்கு அண்ணாச்சி பேனரு?"

"அவுக பேருதான மொதல்ல இருக்கு."

"அண்ணாச்சி, எம் பேரு எங்க இருக்கு?"

"கடைசில. மரியாதையாப் போட்ருக்கேன்மா."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. விஷயத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் சொன்னார். முதலில் பெயர் இல்லாவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். பிளக்ஸ் மெஷினில் முதல்வரின் நெற்றி மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மதியமே டீச்சர் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. ஜர்னலின் தளத்தில் பார்த்து எல்லா விவரத்தையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். கட்டுரை முழுதாகத் தேறவில்லை. திருத்துகிறவர்கள் பதினெட்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் பத்து நாளில் போக வேண்டும், ஆறு நாள் போய்விட்டது. பெயர் வரிசையை மாற்ற வேண்டுமானால் அந்தப் பதிலோடு சேர்த்து ஒரு படிவம் போக வேண்டும். அதில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மாற்றுவதற்குக் காரணமும் எழுத வேண்டும். கேள்விகள் வந்த மெயில் முதல்வருக்குப் போயிருந்தது. அவர் 'ஏற்கப்படலாம்' என்ற முதல் வரியைப் படித்துவிட்டுப் பேனருக்குச் சொல்லிவிட்டார்.

"வாங்க, நானே வந்து சொல்லுதேன்" என்று கடையைப் பூட்டிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். வழியில் எங்காவது சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாமா என்றுகூடத் தோன்றியது. ராஜபாளையத்தில் இறங்கி நேராகக் கல்லூரிக்குப் போனோம்.

காலையில் நான் அடித்துக் கொடுத்த பேனரை அதற்குள் கல்லூரி வாசலில் கட்டியிருந்தார்கள். முதல்வர் நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க. பேனர் நல்லா வந்திருக்கு. ஈதான் என்னையவிடக் கொஞ்சம் பெருசாத் தெரியுது."

"சார், தப்பு என் மேல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணப் பத்திரிகை போடுற பழக்கத்துல பெரியவங்கள மேல போட்டுட்டேன் சார்."

"நல்ல பழக்கந்தானே? இதுல தப்பு எங்க இருக்கு?" என்றார்.

டீச்சர் பதிவுக் காலத்தைப் பற்றிச் சொன்னார். முதல்வர் மிகவும் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா மொத எடம்? ஆனா பேனர் கட்டியாச்சே. நம்ம காலேஜ் சேர்மன் வேற பாத்துட்டுப் பாராட்டிட்டாரு. இப்பக் கழட்டுனா என்ன நெனப்பாங்க? நீ சின்னப் பொண்ணு, இன்னும் எத்தனையோ கட்டுரை எழுதுவ."

டீச்சர் தலையாட்டினார். பையிலிருந்து அந்தப் பதினெட்டு கேள்வி இருந்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "சரிங்க சார். அப்ப இதுக்குப் பதில் மட்டும் எழுதிக் குடுத்துருங்க சார். நாலு நாள்தான் இருக்கு. பேரு மொதல்ல இருக்கவங்கதான் பதில் சொல்லணுமாம்."

தந்திரமாகச் சொன்னாரா, மனம் விட்டுப்போய்ச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அட்டைகள் மரத்தின் எந்தத் திசையில் கட்டப்பட்டன, ஏன்?" நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "எந்தத் திசைம்மா?"

டீச்சர் கைகட்டி நின்றார். முதல்வர் அடுத்த கேள்வியைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். ஒன்பதாவது கேள்வியில் கண்ணாடியைக் கழற்றினார். மணியடித்துத் துறைத்தலைவரைக் கூப்பிடச் சொன்னார்.

துறைத்தலைவர் வந்ததும், "சார், நான் யோசிச்சுப் பாத்தேன். இது உங்க துறையோட சாதனை. மொத எடத்துல நீங்க நிக்கிறதுதான் நியாயம்" என்றார் முதல்வர்.

துறைத்தலைவரின் முகம் மலர்ந்தது. காகிதத்தைக் கையில் வாங்கினார். முகம் மெல்லச் சுருங்கியது. "இல்ல சார், வழிகாட்டி ஒருத்தர் இருக்கும்போது நான் முன்னால நின்னா அது முறையில்ல. அவரு மனசு சங்கடப்படும்."

இரண்டு பேரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். போடும்போது முதல்வர், "நமக்குப் பெருந்தன்மைதான் முக்கியம்" என்றார். துறைத்தலைவர் ஆமோதித்தார்.

வழிகாட்டி அன்றைக்கு விடுப்பு. வீடு பக்கத்துத் தெருதான். முதல் இடம் அவருக்கு வந்திருக்கிறது என்றதும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எதிர்பாத்ததுதான்" என்றார். கேள்வித்தாளைக் கையில் கொடுத்தேன். படித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா, ஒனக்கு புரமோஷனுக்கு மொதப் பேரா இருந்தா ரொம்ப நல்லதாம்."

வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தைப் பார்த்தார்கள். "ஏமண்டி, நான் நடத்துறது இங்கிலீஷ் இலக்கியம். தென்னமரத்துல ஈ இருக்குங்கிறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார்கள். டீச்சரைப் பார்த்து, "என் பேர அடிச்சிரும்மா. எனக்கு வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் விலகிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சாயங்காலம் முழுக்க நான் கேட்ட பேச்சில் நேரான பேச்சு அது ஒன்றுதான்.

வழிகாட்டிக்கு வேறு வழி இருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சின்னவங்க முன்னுக்கு வரணும். நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படியாக, பிள்ளைகளா, இரண்டு மணி நேரத்தில் முதல் இடம் கொதிக்கிற சட்டி மாதிரி ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் சட்டியை அடுப்பில் ஏற்றியவர் கைக்கே வந்து சேர்ந்தது.

காரணம் எழுதுகிற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்று போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார் வழிகாட்டி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'தட்டச்சு செய்தவர் கல்யாணப் பத்திரிகை அச்சிடுபவர். வயதுக்கும் பதவிக்கும் மரியாதை கொடுத்து வரிசைப்படுத்திவிட்டார். ஆராய்ச்சி முறை அவருக்குத் தெரியாது' என்று சொன்னேன். அந்த அம்மாதான் அதை அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கீழே என் கையெழுத்து. சர்வதேச ஜர்னல் ஒன்றில் உங்கள் அப்பாவின் பங்களிப்பு அது.

அடுத்த மூன்று நாளும் டீச்சர் கல்லூரி முடிந்ததும் நம் கடைக்கு வந்துவிடுவார். பதினெட்டு கேள்விக்கும் பதில் அங்கேதான் எழுதினோம். அவருக்கு ஞாபகம் இல்லாததைத் தேவதானத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்.

"அப்பா, அட்டைய எந்தத் தெசையில கட்டுனோம்?"

"கெழக்கதான். மேக்க நாயி கட்டிக் கெடந்துச்சுல்லா. கிட்டப் போனா விழுந்து புடுங்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். 'விலங்குகளின் இடையூறைத் தவிர்க்கும் பொருட்டு' என்று எழுதினோம்.

"எத்தன நாளைக்கு ஒருக்க மாத்துனோம்?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம. அன்னைக்குத்தான ஒனக்கு லீவு? ஏட்டி, இதெல்லாம் எவன் கேக்கான்?"

"பெரிய படிப்பாளிங்கப்பா."

"அவுகல்லாம் தோப்பு வச்சிருக்காகளா?"

'சீரான கண்காணிப்புக்காக ஏழு நாள் இடைவெளி' என்று எழுதினோம். பொய் ஒன்றும் இல்லை. உண்மைக்கு இஸ்திரி போட்டோம், அவ்வளவுதான். எந்த உயரத்தில் ஈ அதிகமாக ஒட்டியது என்பதை மட்டும் டீச்சர் ஒரு சொல்கூட மாற்றவிடவில்லை. நோட்டில் இருந்ததை இருந்தபடியே கொடுத்தார்.

பத்தாவது நாள் பதில் போனது. கார்த்திகை கடைசியில் கட்டுரை இணையத்தில் வந்தது. நான்கு பெயர். முதலில் டீச்சர். நெட்டுக்கோடு ஒன்றுகூட இல்லை.

ஆய்வேட்டைப் பைண்டிங் செய்ததும் நம் கடையில்தான். பிரதிகளைத் தூக்கிக்கொண்டு டீச்சரோடு நானும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். பதிவு முடிய ஒரு வாரம் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் கட்டுரையின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்தார். முதல் பெயரின் மேல் ஒரு விரலை வைத்தார். இன்னொரு விரலை ரிஜிஸ்டரில் இருந்த பெயரின் மேல் வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். முத்திரை குத்தினார். பக்கத்தைத் திருப்பவில்லை. "அடுத்த ஆள்" என்றார்.

வெளியே வந்து டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அவர் அப்பாவின் குரல் அப்படி.

"அப்பா, வாங்கிட்டாங்க."

"என்ன கேட்டாக?"

"ஒன்னும் கேக்கலப்பா."

"அட்டைய எம்புட்டு ஒசரத்துல கட்டணும்னு கேக்கலயா?"

"இல்லப்பா."

"பொறவு இம்புட்டு வருசம் எண்ணுனத யார்ட்டத்தான் சொல்லப் போற?"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல நம்ம பக்கத்துத் தோப்புக்காரர்ட்டச் சொல்லுங்கப்பா" என்றார்.

"அவருக்குப் போன வருசமே சொல்லியாச்சு தாயி. அவரும் கட்டி, அவரப் பாத்து அந்த வரிசையில எல்லாரும் கட்டிட்டாக" என்றார் அவர் அப்பா.